காபி கொதிக்கும் வரை

ஹேகெய்ம் பண்ணை,
செப்டம்பர் 15, 1974

அன்புள்ள ஹால்வார்ட் அண்ணாவுக்கு,

பிரிட்டா எழுதுகிறேன். நான், என் வீட்டுக்காரர் ராஸ்முஸ், ஆடுகள், நீ விட்டுப்போன நாய் டுஸ்ஸா, எல்லாரும் சுகம். உன் தொடை எலும்பு கூடிவிட்டதா, இன்னும் காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களா? பெர்கன் ஆஸ்பத்திரியில் சோறு தண்ணி எப்படி? நர்சுகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாயா? கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆடு தேடிப் பாறைச் சரிவில் ஏறாதே என்றபோதும் நீ கேட்கவில்லை.

போனில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். எக்ஸ்சேஞ்சில் மத்தில்டா காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உனக்குச் சேதி வருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கடிதம்.

மான் வேட்டை தொடங்கிவிட்டது. நீ இல்லாததால், சுட்ட மானைத் தேடிப்போகும் நாயின் கயிறு இந்த வருடம் என் கையில். முதல் மான் வழக்கம்போல ராஸ்முஸுக்கு. ஓட்ஸ் வயலின் மேல் ஓரத்தில், நல்ல வெளிச்சத்தில், கொம்பு பெருத்த கலைமான். குண்டு பட்டதும் முன்னங்காலைத் தூக்கி ஒரு துள்ளு துள்ளியது. பிறகு உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல ஓட்டம் பிடித்தது. பக்கத்துப் பண்ணை செவெரின்தான் இப்போது குழுவுக்குத் தலைவன். "போச்சு, தப்பிச்சிருச்சு!" என்று குதித்தான். வழக்கப்படி எல்லாரும் உட்கார்ந்து நெருப்பு மூட்டிக் காபி கொதிக்க வைத்தார்கள். குடித்து முடித்த பிறகு போனால், ஓடைக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. சுட்டவர் பங்குக்கு வந்த இதயத்தை வெண்ணெயில் வறுத்தேன். உன் பங்கையும் நானே தின்றேன்.

ராஸ்முஸ் அன்று காபி தொடவில்லை. வயிற்றுக்கு ஆகவில்லையாம். மற்றபடி நன்றாக இருக்கிறார். தாடி வேறு வளர்க்கிறார், பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். டுஸ்ஸா உன் பழைய செருப்பின்மேல்தான் தூங்குகிறது.

உன் தங்கை,
பிரிட்டா

*

பெர்கன்,
செப்டம்பர் 20

அன்புத் தங்கை பிரிட்டாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். காலும் என்னோடுதான் இருக்கிறது, ஆனால் கூரையைப் பார்த்தபடி. சோறா கேட்கிறாய்? அவித்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, மறுநாள் அதே மீனின் தம்பி. பழுப்புச் சீஸ் ஒரு கட்டி அனுப்பு, புண்ணியமாகப் போகும்.

பக்கத்துக் கட்டிலில் எட்வின் என்று ஒரு பழைய டிராம் கண்டக்டர். உன் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டினேன். "சுட்டா மான் உடனே விழாதா?" என்று கேட்கிறான். "நீ மணி அடிச்சா டிராம் உடனே நின்னுடுமா?" என்றேன். புரிந்துகொண்டான்.

முன்னங்காலைத் தூக்கித் துள்ளினாலே இதயத்தில் பட்டது என்றுதான் அர்த்தம். அந்த மான் செத்துவிட்டது, அதற்கு அது இன்னும் தெரியாது. உடம்பில் மிச்சமிருக்கும் இரத்தம் தீரும்வரை தலையைத் தாழ்த்தி ஓடும். பார்க்கிறவனுக்கு எல்லாவற்றையும்விட ஆரோக்கியமாகத் தெரிவது அந்த மான்தான். செவெரின் முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறான், இன்னும் ஒவ்வொரு வருடமும் "போச்சு" என்று குதிக்கிறான்.

டுஸ்ஸாவை அவசரப்படுத்தாதே. மான் நின்ற இடத்தில் ஒரு ஜூனிபர் கிளையை ஒடித்து வை. முடி கிடக்கிறதா, இரத்தம் என்ன நிறம் என்று பார். நாயை அங்கே கொண்டுபோய் மோப்பம் பிடிக்க விட்டுவிட்டு நீ சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம்தான்.

மாப்பிள்ளைக்குக் காபி ஆகவில்லையா? கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்தவன் ஆயிற்றே. மருந்து ஏதாவது கொடு. தாடியை எடுக்கச் சொல்.

அண்ணன்,
ஹால்வார்ட்

*

ஹேகெய்ம்,
அக்டோபர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சீஸ் வந்து சேர்ந்ததா? எட்வினுக்கும் ஒரு துண்டு கொடு, எல்லாவற்றையும் நீயே விழுங்காதே. இங்கே மழை. உருளைக்கிழங்கு எல்லாம் தோண்டியாகிவிட்டது. நாங்கள் சுகம்.

இன்னொரு மான் விஷயம். இது கொஞ்சம் மோசம். ராஸ்முஸ் பிர்ச் மரங்களுக்கு நடுவில் ஒரு பெண்மானைச் சுட்டார். அது துள்ளவில்லை. பின்னங்கால் இரண்டையும் ஒரு உதை உதைத்து, முதுகைக் கூனிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு மெல்ல நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு மரங்களுக்குள் மறைந்துவிட்டது. கூட வந்த மான்கள் மேலே ஓடின, இது மட்டும் தனியாகக் கீழே போனது.

செவெரின் கெட்டிலை எடுத்தான். ராஸ்முஸ் "தப்பிருச்சு, படவே இல்ல" என்றார். "படாமலா முதுகைக் கூனிட்டுப் போவுது?" என்று நான் கேட்டேன். "அப்ப இப்பவே போய்ப் பாக்குறேன்" என்று எழுந்து போய்விட்டார். நெருப்புக்கூட மூட்டவில்லை. இருட்டும்வரை தேடி வெறுங்கையோடு வந்தார். "என்ன ராஸ்முஸு, காபிக்குப் பயந்து ஓடுறியா, மானுக்குப் பயந்து ஓடுறியா?" என்று செவெரின் எல்லார் முன்னாலும் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் நானும் டுஸ்ஸாவும் போனோம். மான் நின்ற இடத்தில் கருஞ்சிவப்பில் கொஞ்சம் இரத்தம், அதோடு பச்சையாக ஏதோ, நாற்றம். மூன்று இடங்களில் படுத்து எழுந்திருக்கிறது. கடைசியில் ஏரிக்கரையில், பாதி தண்ணீரில், செத்துக் கிடந்தது. இறைச்சி கெட்டுவிட்டது. ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராஸ்முஸிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

கடைக்குப் போனால் கையெழுத்துப் போடுவது முதற்கொண்டு எல்லாம் இப்போது நான்தான். இவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். கிழவனாகிறார்போல.

உன் காலை அசைக்காதே.

பிரிட்டா

*

பெர்கன்,
அக்டோபர் 6

அன்புத் தங்கைக்கு,

சீஸ் வந்தது. எட்வினுக்குக் கொடுத்தேன், அவன் அதைச் சோப்பு என்று நினைத்தான். எனக்குக் காலில் அரிப்பு, வேறு குறை இல்லை.

அந்தப் பெண்மானுக்கு வயிற்றில் பட்டிருக்கிறது. உதைத்தது, கூனியது, கூட்டத்தை விட்டது, தண்ணீரைத் தேடிப் போனது, எல்லாம் அதற்கான அடையாளம். இப்படிப்பட்ட மானை விட்டுவிட்டால் தூரம் போகாது. கண்ணுக்கு மறைவாக ஒரு புதர் கிடைத்ததும் படுத்துவிடும். ஆனால் எப்படிப் படுக்கும் தெரியுமா? தான் வந்த தடத்தைப் பார்த்தபடி படுக்கும். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நீ அந்தத் தடத்தில் போனால் உன்னை அது முதலில் பார்த்துவிடும். எழுந்து போகும். ஒருமுறை எழுப்பிவிட்டால் அடுத்த தடவை சுலபத்தில் படுக்காது. உயிர் போகும்வரை நடக்கும். உன் மாப்பிள்ளை அதை மூன்று தடவை எழுப்பியிருக்கிறான்.

அதனால்தான் நம் ஊரில் காபி. காபி குடிக்கும் ஆசையில் யாரும் உட்காரவில்லை. மானுக்கு நேரம் கொடுக்க மனிதனுக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். இதை எனக்கே அடித்துச் சொன்னவன் ராஸ்முஸ். பதினெட்டு வயதில் நான் மான் பின்னால் ஓடப் பார்த்தபோது என் பெல்ட்டைப் பிடித்து இழுத்து, "உக்காருடா, கொதிக்கட்டும்" என்றவன். அவனா நெருப்பு மூட்டாமல் ஓடினான்? எனக்குப் பிடிபடவில்லை.

துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடி நகர்ந்திருக்கும். முதலில் அதைப் பார்க்கச் சொல். குளிரில் திருகு தளர்ந்துபோவது உண்டு.

ஹால்வார்ட்

*

ஹேகெய்ம்,
அக்டோபர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டை அவிழ்த்துவிட்டார்களாமே, மத்தில்டா சொன்னாள். உன் தங்கைக்குத் தெரியும் முன்னால் அவளுக்குத் தெரிகிறது. கைத்தடி வைத்து நடக்கிறாயா? விழுந்து தொலைக்காதே.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. செவெரின் வாங்கிக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தான். எல்லாக் குண்டும் தீப்பெட்டி அளவுக்குள் போனது. "நீயும் ஒண்ணு சுட்டுப் பாரு" என்று இவரிடம் நீட்டினான். மாட்டுக்குத் தீனி போடணும் என்று இவர் வந்துவிட்டார். எங்கள் மாட்டை விற்று இரண்டு வருடமாகிறது.

போன வாரம் மறுபடியும். குட்டியோடு இல்லாத பெண்மான், பக்கத்தில்தான் நின்றது, நானே கல்லால் அடித்திருப்பேன். குண்டு முன்னங்காலில் பட்டது. கால் கயிறுபோல் ஆட, மூன்று காலில் ஓடியது. முதலில் கூட்டத்தோடு ஓடியது. கூட்டம் அதற்காக நிற்கவில்லை. வேலிக்கு அப்புறம் தனியாகப் பிரிந்தது. இந்தத் தடவை நான் எல்லாரையும் உட்கார வைத்தேன். ராஸ்முஸ் மட்டும் நெருப்புக்குப் பக்கத்தில் வராமல் தள்ளிப்போய், மரத்தில் சாய்ந்து, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார். செவெரினின் மனைவி கோப்பையை நீட்டினாள். "வேணாம்னு சொன்னேன்ல!" என்று கத்திவிட்டார். இவர் யாரிடமும் கத்தி நான் பார்த்ததில்லை.

டுஸ்ஸா தடத்தை அருமையாகப் பிடித்துக்கொண்டு போனது. பாறைக்கு அடியில் மான் படுத்திருந்தது, நீ சொன்னதுபோல வந்த வழியைப் பார்த்தபடி. தலையைத் தூக்கியது. ராஸ்முஸ் துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார், பிறகு என்னிடம் கொடுத்தார். "நீ சுடு" என்றார். சுட்டேன். அண்ணா, எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, ஆனாலும் கோணலாகப் போகவில்லை.

திரும்பி வரும்போது ஏன் என்று கேட்கவில்லை. கேட்கணுமா?

தாடி இப்போது நெஞ்சு வரை வந்துவிட்டது. சவரக்கத்தியை உள்ளறை டிராயரில் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை. சூப் வைத்தால் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்துபோன பிறகுதான் குடிக்கிறார்.

மற்றபடி சுகம்.

பிரிட்டா

*

பெர்கன்,
அக்டோபர் 19

பிரிட்டா,

கைத்தடியோடு நடக்கிறேன், விழவில்லை. அதை விடு.

உன் மூன்று கடிதங்களையும் கட்டிலில் பரப்பிப் படித்தேன். நான் ஒரு மடையன். காலைத் தொங்கவிட்டதில் மூளையும் தொங்கிவிட்டதுபோல. மான் எப்படி ஓடியது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், சுட்டவன் எப்படி ஓடினான் என்று பார்க்கவில்லை.

காபி கொதித்தால் கோப்பை கைக்கு வரும். கோப்பை கைக்கு வந்தால் சுற்றி இருக்கிறவர்கள் கண்ணில் படும். சவரக்கத்தி, கடையில் கையெழுத்து, சூப், பாக்கெட்டில் விட்ட கை. பிரிட்டா, அவனுக்குக் கை நடுங்குகிறது. குண்டு இடம் மாறிப்போவது அதனால்தான். அந்தப் பெண்மானைத் தேடி அன்று அவன் ஓடவில்லை. கோப்பைக்குப் பயந்து எழுந்து போனான். செவெரின் தெரியாமலே உண்மையைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

ராஸ்முஸின் பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும், கடைசியில் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தவர். கல்யாண வீட்டில் செவெரின் அவரைப்போல் கையை ஆட்டிச் சூப்பைக் கொட்டிக் காட்டினான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ராஸ்முஸும் சிரித்தான், அவன் முகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

நீ கேள். நேரடியாகக் கேள். ஒளித்து வைத்துச் சீழ் பிடிப்பதைவிட அது மேல். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

ஹால்வார்ட்

*

ஹேகெய்ம்,
நவம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நான் சுகம், நாய் சுகம்.

நீ சொன்னதுபோல் கேட்டேன். சாப்பாட்டு மேசையில் கேட்டேன். ஸ்பூனைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட்டார்.

ராஸ்முஸ் மேலே, கோடையில் ஆடு மேய்க்கத் தங்கும் மலைக்குடிலுக்குப் போயிருக்கிறார். கூரைப் பலகை ஒன்று தளர்ந்திருக்கிறதாம், சரிபண்ணப் போகிறேன் என்றார். போய்ச் சில நாளாயிற்று. ரொட்டியும் உப்பு இறைச்சியும் எடுத்துக்கொண்டுதான் போனார். செவெரினும் மற்றவர்களும் போய்க் கூட்டிவரலாம் என்கிறார்கள். "கையைக் காலைக் கட்டியாவது இறக்கிடுவோம்" என்கிறான் செவெரின். நாளைக்கோ மறுநாளோ போவார்கள்.

மேலே கொஞ்சம் பனி விழுந்திருக்கிறது. எட்வினுக்கு என் அன்பைச் சொல்.

பிரிட்டா

*

தந்தி. பெர்கன், நவம்பர் 6, காலை.

ஆடெல்லாம் கீழே வந்தபிறகு நவம்பரில் யார் கூரை சரிசெய்வார்கள். துப்பாக்கி எங்கே. ஹால்வார்ட்.

*

தந்தி. ஹேகெய்ம், நவம்பர் 6.

மேலே. பிரிட்டா.

*

தந்தி. பெர்கன், நவம்பர் 6, மதியம்.

செவெரினை நிறுத்து. நாயோடு நீ மட்டும் போ, இப்போதே. பாதையில் போகாதே, ஓடைப்பக்கம் ஏறு. குடிலிலிருந்து தெரியும் இடத்தில் நெருப்பு மூட்டிக் காபி போடு. கூப்பிடாதே. கதவைத் தட்டாதே. உட்கார். ஹால்வார்ட்.

*

ஹேகெய்ம்,
நவம்பர் 9

அன்புள்ள அண்ணா,

இப்போதுதான் கை ஓடுகிறது, எழுதுகிறேன். முதலில் இதைப் படி: ராஸ்முஸ் வீட்டில் இருக்கிறார். அடுத்த அறையில் தூங்குகிறார்.

உன் தந்தியை மத்தில்டா போனில் படித்துச் சொன்னாள். "என்னடி இது, காபி போடுறதுக்குத் தந்தியா? உங்க அண்ணனுக்கு ஆஸ்பத்திரில புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். செவெரினிடம் போய், நீ யாரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தால் உன்னை என் நாய் கடிக்கும், நாய் கடிக்காவிட்டால் நான் கடிப்பேன் என்றேன். பாவம், பயந்துவிட்டான்.

ஓடைப்பக்கமாக ஏறினேன். ஏறும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே ஏறினேன். கேட்கவில்லை. குடிலின் ஜன்னல் பாதைப்பக்கம் பார்த்து இருக்கும், உனக்குத் தெரியும். அதன் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். பாதையைப் பார்த்தபடி. அந்தப் பாறைக்கு அடியில் கிடந்த மான் என் ஞாபகத்துக்கு வந்தது, அண்ணா. நான் உடைந்துபோனேன். கதவுக்கு ஓடலாம் என்றுதான் கால் போனது. உன் தந்தியை நினைத்து நின்றுவிட்டேன்.

பெரிய பாறைக்குப் பக்கத்தில், அவர் தலையைத் திருப்பினால் தெரியும் இடத்தில், நெருப்பு மூட்டினேன். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. டுஸ்ஸா முனகியது, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காபி கொதித்தது. ஒரு கோப்பை நான் குடித்தேன். யாரும் வரவில்லை. கெட்டிலில் பனியை அள்ளிப் போட்டு மறுபடியும் கொதிக்க வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான காபி குடித்ததில்லை. குளிரில் கால் மரத்துப்போனது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

கதவு திறந்தது. அவர் வாசலில் நின்றார். உள்ளே போனார். திரும்ப வந்தார், கையில் எதுவும் இல்லை. மெதுவாக நடந்து வந்து நெருப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். டுஸ்ஸா அவர் மடியில் தலையை வைத்தது.

"யாரு அனுப்பிச்சா? ஹால்வார்டா?"

"காபி கொண்டுவந்தேன்" என்றேன்.

"எனக்கு வயித்துக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல."

"சரிங்க" என்றேன்.

நான் இன்னொரு கோப்பையை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் கல்மேல் வைத்தேன், காலியாகத்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி ஊத்து" என்றார்.

ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்தார். பாதி ஊற்றியும் கொஞ்சம் சிந்தியது, டுஸ்ஸா மூக்கில் விழுந்தது, அது நக்கிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், முகத்தைத் திருப்பவில்லை. "எவ்ளோ நாளா?" என்று கேட்டேன். "போன குளிர்காலத்துலேருந்து" என்றார். "ஏங்க, என்கிட்டகூடவா சொல்லக்கூடாது?" என்றேன். "சொன்னா நீ பாத்துக்கிட்டே இருப்ப. நான் என்ன செய்யுறேன்னு பாத்துக்கிட்டே இருப்ப" என்றார். அப்போதுதான் நான் அழுதேன், அண்ணா. அவரும் அழுதார். கல்யாணத்தன்றுகூட அழாத மனுஷன்.

உள்ளே போய்த் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்து என் பையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. "அது மானுக்கு வச்சது இல்ல" என்று மட்டும் சொன்னார். தெரியும் என்றேன். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் நாய்.

கூரையில் ஒரு பலகையும் தளர்ந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம். உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன், எப்படி இருக்கிறது?

பிரிட்டா

*

ஹேகெய்ம்,
நவம்பர் 25

மச்சான் ஹால்வார்டுக்கு,

ராஸ்முஸ் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது என்று நினைக்காதே, நானேதான். பிரிட்டா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நாங்கள் சுகம். நீ அடுத்த வாரம் வருகிறாயாம், படகுத்துறைக்கு வண்டியோடு வருகிறேன். வண்டியைப் பிரிட்டா ஓட்டுவாள்.

டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். முழுக்கப் போகாதாம், மெதுவாகத்தான் வளருமாம். நானும் மெதுவாகத்தான் வளர்ந்தேன்.

வேட்டையின் கடைசி நாளை மட்டும் உனக்குச் சொல்லணும். துப்பாக்கியைப் பிரிட்டாவுக்குக் கொடுத்துவிட்டேன், வசந்தத்தில் வேட்டைக்கான சுடும் தேர்வுக்குப் போகிறாள். நான் சும்மாதான் கூடப் போனேன். செவெரின் ஓடைக்கு மேலே ஒரு மானைச் சுட்டான். அது பின்னங்காலை உதைத்து, முதுகைக் கூனிக்கொண்டு மெல்லப் போனது. செவெரின், "படல, படல, காத்துல போயிருச்சு" என்று எழுந்தான். நான் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "கொதிக்கட்டும்டா" என்றேன்.

கோப்பை வந்தது. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாங்கினேன். ஆடியது. செவெரின், "என்னடா, கை ஆடுது?" என்றான். "ஆடுது" என்றேன். அவன் என் பெரியப்பாவை நினைத்தான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் அவனிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

வெகுநேரம் உட்கார்ந்தோம். பிறகு பிரிட்டா நாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டாள். மச்சான், அந்தக் கயிறு என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. டுஸ்ஸாவுக்கு அது தெரியும், கழுத்தில் கட்டியிருக்கிறதே. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு மூக்கைத் தரையில் வைத்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. நாங்கள் போனபோது மான் ஆல்டர் புதருக்குள், படுத்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. தலை வந்த வழியைப் பார்த்து இருந்தது. கண்ணை நான் மூடிவிட்டேன்.

நீ வந்ததும் டுஸ்ஸா உன்னோடு வந்துவிடும், அது உன் நாய். ஆனால் மான் தொலைந்துபோனால் என்னிடம் அனுப்பு. சுடத்தான் கை நேராக இருக்கணும், கயிறு பிடிக்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே வந்து சண்டை போடாதே. இந்த வீட்டில் இப்போது யாருக்கும் முழுக் கோப்பை காபி கிடையாது. பிரிட்டா எல்லாருக்கும் பாதிதான் ஊற்றுகிறாள். செவெரின் கஞ்சத்தனம் என்று கத்துகிறான். பாதிரியாருக்கும் பாதிதான். ஏன் என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டு வழக்கம்" என்கிறாள்.

உன் மச்சான்,
ராஸ்முஸ்